ஆம்ஸ்டர்டாமில் ஜப்தியான ஒரு வீடு

2024-ஆம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் நானும் என் மனைவியும் ஆம்ஸ்டர்டாமை ஒட்டியுள்ள ஆம்ஸ்டல்வீனில் பெண் வீட்டில் இருந்தோம். நம் சங்க அங்கத்தினர்களில் பலரும் இப்படிப் ‘பேரன் பேத்தி டியூட்டி’யில் போய் வந்தவர்கள்தான். ஆகையால் காற்றாலை, துலிப் தோட்டம் பற்றியெல்லாம் எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுத உத்தேசம். 17-ஆம் நூற்றாண்டின் மகா ஓவியர் ரெம்ப்ராண்ட் வாழ்ந்து, வரைந்து, கடைசியில் கடனுக்குப் பறிகொடுத்த வீடு அது.

ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மத்திய அரசில் வரி பாக்கி வசூல் செய்யும் பிரிவில் 35 வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஆனால் ஜப்தி ஜாபிதாவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. அந்த வீடு இன்று நாம் பார்க்கும் கோலத்தில் நிற்பதற்கு ஒரு ஜப்தி ஜாபிதாதான் காரணம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வாட்டர்லூப்ளைன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கூப்பிடு தூரம். தெருவின் பெயர் யோடன்பிரேஸ்ட்ராத். யூதர்களின் அகலத் தெரு என்று அர்த்தம். சிவப்பும் பச்சையுமாக ஜன்னல் கதவுகள், மேலே முக்கோண முகப்பு. பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு நவீனக் கட்டடம். டிக்கெட் வாங்கி அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருகிறார்கள். அது பாட்டுக்கு அறை அறையாக விளக்கம் சொல்லிக்கொண்டு வருகிறது. படிக்கட்டுகள் மட்டும் குறுகலான சுழல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் ஏற வேண்டும்.

ரெம்ப்ராண்ட் 1606-இல் லைடன் நகரில் மாவு மில்காரர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, பெரிய மனிதர்களின் உருவப்படங்கள் வரைந்து பேரும் பணமும் சம்பாதித்து, 1634-இல் ஸாஸ்கியா என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணந்துகொண்டார். 1639 ஜனவரியில் இந்த வீட்டை 13,000 கில்டருக்குப் பேசி முடித்தார். கால் பங்கை முதல் வருஷத்திற்குள் கட்டிவிட வேண்டும், பாக்கியை ஐந்தாறு வருஷத்தில் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஒரு கைத்தொழிலாளியின் வருஷ சம்பாத்தியம் சுமார் 300 கில்டராக இருந்த காலம் அது. உலகப் புகழ் பெற்ற ‘நைட் வாட்ச்’ ஓவியத்திற்கே அவருக்குக் கிடைத்தது 1,600 கில்டர்தான். அப்படியானால் இந்த வீட்டின் விலை எட்டு ‘நைட் வாட்ச்’. ஹவுசிங் லோன் போட்டு நம்மில் பலர் பட்ட கஷ்டம் ஞாபகம் வருகிறதல்லவா?

1642-இல் அந்த ஓவியம் முடிந்தது. அதே வருஷம் ஜூனில் ஸாஸ்கியா காலமானாள். நாலு குழந்தைகளில் தங்கியது டைட்டஸ் என்ற ஒரே பிள்ளை. அம்மா போனபோது அவனுக்கு ஒரு வயசு நிறையவில்லை. அதன் பிறகு வருமானம் குறைந்தது; சாமான் வாங்கும் ஆசை குறையவில்லை. ஏலம் எங்கே நடந்தாலும் போய் ஓவியம், சிலை, கவசம், சங்கு, பவளம் என்று வாங்கிக் குவிப்பார். 1652 முதல் 1654 வரை இங்கிலாந்துடன் யுத்தம் வேறு; வியாபாரம் படுத்துவிட்டது. 1653-இல் கணக்குப் பார்த்தபோது வீட்டுக் கடன் மட்டும் வட்டியும் வரியும் சேர்த்து 8,000 கில்டருக்கு மேல் நின்றது. அதைத் தீர்க்க, நகர மேயர்களில் ஒருவரான கார்னெலிஸ் விட்ஸனிடமும், சிநேகிதர் யான் சிக்ஸிடமும், இன்னொரு வியாபாரியிடமும் மொத்தம் 9,000-க்கு மேல் கைமாற்று வாங்கினார். கடனை அடைக்கக் கடன் வாங்கியவர் கதை எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் முடியும் என்பது என் சர்வீஸ் அனுபவம்.

1656 மே மாதம் வீட்டைச் சட்டென்று பிள்ளை டைட்டஸ் பெயருக்கு மாற்றினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்தி வரப் போகிறது என்றால் சொத்து சம்சாரம் பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் மாறுவதை நான் எத்தனை கேஸில் பார்த்திருப்பேன்! ஆனாலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஸாஸ்கியாவின் உயில்படி அவள் பங்கு டைட்டஸுக்குத்தான் சேர வேண்டும். கடன்காரர்கள் ஆட்சேபித்தார்கள், வழக்கு நடந்தது, 1665-இல்தான் பையனுக்கு 6,952 கில்டர் கிடைத்தது. அதற்குள் வீடு போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது.

1656 ஜூலையில் ரெம்ப்ராண்ட் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அந்த மாதம் 25, 26 தேதிகளில், திவாலானவர்களின் சொத்தை நிர்வகிக்கும் நகரச் சபையிலிருந்து ஆட்கள் வந்து வீட்டில் உள்ள சாமான்களை அறை அறையாக எழுதினார்கள். மொத்தம் 363 இனங்கள். அந்த ஜாபிதா பத்திரமாக இருக்கிறது.

வீடு 1658-இல் 11,218 கில்டருக்கு ஏலம் போயிற்று. பிறகு பல கைகள் மாறி, உள்ளே தடுப்புகள் போட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடியும் நிலைக்கு வந்துவிட்டது. ரெம்ப்ராண்டின் 300-ஆவது பிறந்த வருஷத்தை ஒட்டி ஊர் விழித்துக்கொண்டது. 1907-இல் நகராட்சி அதை வாங்கியது. 1911-இல் அரசி வில்ஹெல்மினா மியூசியமாகத் திறந்துவைத்தார். அப்போது அது அவர் அச்சிட்ட படங்களை மாட்டிவைத்த நவீனக் கட்டடம், அவ்வளவே. 1990-களின் இறுதியில்தான் வீட்டை ரெம்ப்ராண்ட் காலத்து நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எந்த அறையில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அமீனா எழுதிய ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நிரப்பினார்கள். ஆகவே அங்கே உள்ள நாற்காலியும் பீரோவும் ரெம்ப்ராண்டுடையவை அல்ல. அவையெல்லாம் ஏலத்தில் சிதறிப்போயின. அதே காலத்து, அதே மாதிரிச் சாமான்களைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை அவர்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது.

கீழே சமையலறை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்ந்த அலமாரி மாதிரி ஒரு மரக் கட்டில். வேலைக்காரப் பெண் படுப்பதற்கு. கதவைச் சாத்திக்கொண்டு பாதி உட்கார்ந்த வாக்கில் தூங்குவார்களாம். “இதுல எப்டின்னா காலை நீட்டறது?” என்று என் மனைவி கவலைப்பட்டாள். முன் கூடத்திலும் பக்கத்து அறையிலும் சுவர் தெரியாமல் ஓவியங்கள். வாங்க வருகிறவர்களை அங்கே உட்கார வைத்து வியாபாரம் பேசியிருக்கிறார். தாம் வரைந்ததை மட்டுமல்லாமல் பிறர் வரைந்ததையும் விற்றார்.

மாடியில் தெருவைப் பார்த்தபடி பெரிய ஸ்டுடியோ. வடக்குப் பார்த்த உயரமான ஜன்னல்கள். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது; வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதிகம் மாறாமல் வரும். காலையில் வரைந்த கன்னத்து நிழல் மத்தியானம் இடம் மாறாது. நான் வெகுநேரம் நின்றது அந்த அறையில்தான்.

ஒரு பெண்மணி கல்லின் மேல் வண்ணப் பொடியை வைத்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு, அடி தட்டையான குழவியால் வட்டம் வட்டமாக அரைத்துக் காட்டினார். நம் வீட்டில் சந்தனம் அரைக்கிற அதே பொறுமை. சிவப்புக்கு ஜாதிலிங்கம், அதாவது மெர்க்குரி சல்ஃபைடு. நீலத்துக்குக் கோபால்ட் கலந்த கண்ணாடித் தூள். இது காலப்போக்கில் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளைக்கு ஈயம். ஈயத் தகடுகளை வினிகர் உள்ள ஜாடிகளில் வைத்துக் குதிரைச் சாணத்தில் புதைப்பார்களாம். சாணத்தின் சூடும் கார்பன் டை ஆக்ஸைடும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றும். கல்லூரியில் ஃபார்முலாவாக உருப்போட்டதை 50 வருஷம் கழித்து ஒரு கல்லின் மேல் கண்ணால் பார்த்தேன். எண்ணெய் வண்ணம் உலர்வதுகூட ஈரம் ஆவியாவதால் அல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. ரெம்ப்ராண்டின் படங்களில் நகையும் ஜரிகையும் கையால் தொடலாம்போல மேடாக நிற்கின்றன. அதன் ரகசியத்தைத் தேடி, 2019-இல் டச்சு-பிரெஞ்சு விஞ்ஞானிகள் சின்னஞ்சிறு துணுக்குகளை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, பிளம்போனாக்ரைட் என்ற அபூர்வமான ஈய உப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெயில் ஈய ஆக்ஸைடைச் சேர்த்துப் பதம் மாற்றியிருக்கிறார் மனுஷன். கெமிஸ்ட்ரி படிக்காத கெமிஸ்ட்!

அதற்குப் பக்கத்தில் அவருடைய பொக்கிஷ அறை. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் மார்பளவுச் சிலைகள், சங்குகள், ஈட்டிகள், பூகோள உருண்டைகள், ஆல்பம் ஆல்பமாகப் படங்கள். ஜாபிதாவில் ஓர் ஆல்பத்தைப் பற்றி, விசித்திரமான நுண்ணோவியங்கள் என்று குறிப்பு இருக்கிறது. அவை நம் தேசத்து மொகலாய ஓவியங்களாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் துணியோடும் மிளகோடும் இவையும் வந்து சேர்ந்தன. ரெம்ப்ராண்ட் அவற்றைப் பார்த்து, அதே கப்பல்களில் வந்த ஜப்பான் காகிதத்தில் வரைந்த பிரதிகள் இருபதுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. ஷாஜஹானைப் பல தடவை வரைந்திருக்கிறார். 1658-இல் இவர் வீடு ஏலம் போனது. அதே வருஷம் ஔரங்கசீப் தகப்பனாரை ஆக்ரா கோட்டையில் அடைத்தார். நம் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்ததும் அந்த வருஷம்தான்.

இனி அந்த ஜாபிதாவுக்கு வருகிறேன். அதன் பிரதியைப் படித்தபோது எனக்கு ஒன்று தட்டியது. சாதாரணக் குமாஸ்தாவுக்கு இந்தப் படம் லூகாஸ் வான் லைடன் செய்தது, அது ரஃபேல் படத்தின் அச்சு, இது சிஷ்யன் வரைந்து ரெம்ப்ராண்ட் திருத்தியது என்றெல்லாம் எப்படித் தெரியும்? வீட்டுக்காரரே கூட நின்று அறை அறையாக அழைத்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பறிபோகும் சாமானை ஒவ்வொன்றாகக் காட்டி, அதன் பெயரும் பூர்வோத்தரமும் தப்பில்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறார், இரண்டு நாள். எழுதியவரும் சொன்னதை எழுதியிருக்கிறார்.

1979-இல் நான் மகாராஷ்டிரத்தில் ஒரு சின்ன ஊரில் பஞ்சு வியாபாரி ஒருவர் வீட்டை ஜப்தி செய்யப் போனேன். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழில் கருவி இவற்றைத் தொடக்கூடாது என்பது நம் சட்டம். மற்றதை எழுதிக்கொண்டு வந்தேன். பஞ்சர்கள் இருவர் பின்னால் வந்தார்கள். கூடத்தில் ஒரு ஹார்மோனியம். ‘ஹார்மோனியம், பழையது, 1’ என்று எழுதினேன். அந்தப் பெரியவர், “சாஹேப், வெறுமே பழையது என்று எழுதாதீர்கள். என் அப்பா கல்கத்தாவிலிருந்து வரவழைத்தது என்று எழுதுங்கள்” என்றார். ஃபாரத்தில் அதற்குக் காலம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ‘குறிப்பு’ என்று ஒரு காலம் இருந்தது. மணி மூன்று ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நான் எழுதவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கோப்பு இந்நேரம் வருஷக் கணக்குப்படி கழிக்கப்பட்டுக் கூழாகியிருக்கும். ரெம்ப்ராண்டின் ஸ்டுடியோவில், 363 இனங்களின் பிரதிக்கு முன்னால் நின்றபோது அந்த ஹார்மோனியம்தான் ஞாபகம் வந்தது.

ரெம்ப்ராண்ட் ரோஸன்கிராக்ட் பகுதியில் வாடகை வீட்டுக்குப் போனார். துணையாக இருந்த ஹென்ட்ரிக்கியேயும் டைட்டஸும் சேர்ந்து ஒரு வியாபாரம் வைத்து, அவரை அதில் வேலைக்கு அமர்த்தியதாகப் பத்திரம் எழுதினார்கள். கடன்காரர்கள் கை வைக்க முடியாது. அவரது மிகச் சிறந்த படங்கள் பல அந்த வாடகை வீட்டில்தான் பிறந்தன. ஹென்ட்ரிக்கியே 1663-இலும் டைட்டஸ் 1668-இலும் போய்விட்டார்கள். அவர் 1669 அக்டோபர் 4-ஆம் தேதி காலமானார். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று குறிப்பு இல்லை.

ஜாபிதாவின் கடைசி இனங்களை வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சில சட்டைகள், கைக்குட்டைகள், மேஜை விரிப்புகள், காலர்கள். பக்கத்தில், ‘வெளுக்கப் போட்டிருப்பதாகச் சொல்லப்பட்டது’ என்று குறிப்பு. தாம் பார்க்காததைப் பார்த்ததாக எழுதாமல், சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார் அந்தக் குமாஸ்தா. நான் அந்த நேர்மையைச் சிலாகித்துக்கொண்டிருந்தேன். அவள் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்: “அது சரி, வெளுக்கப் போட்டது திரும்பி வந்துதா இல்லையா, அதைப் போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை.