காற்றும் கீமியாவும் – ஒரு வரலாற்றுப் பார்வை

அல்லாஹ்வின் அருட்கொடைகளில் நாம் விலை கொடுக்காமல் பெறுவதும், சிறிது நேரம் இல்லாவிடினும் உயிர் தரிக்க இயலாததும் காற்றேயாகும். கண்ணுக்குப் புலப்படாத இக்காற்றில் முன்னோர் எதைத் தேடினர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

அரபு மொழியில் காற்றைக் குறிக்கும் 'ரீஹ்' என்ற சொல்லும், உயிரைக் குறிக்கும் 'ரூஹ்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மூச்சைக் குறிக்கும் 'நஃபஸ்', ஆன்மாவைக் குறிக்கும் 'நஃப்ஸ்' ஆகியனவும் அவ்வாறே. திருக்குர்ஆனில் காற்று மழைக்கு முன் வரும் நற்செய்தியாகவும், ஆது கூட்டத்தாரை அழித்த தண்டனையாகவும் வருகிறது. ஹிஜ்ரி 5-இல் (கி.பி. 627) நிகழ்ந்த அகழ்ப்போரில் எதிரிகளை நிலைகுலையச் செய்ததும் காற்றே.

நெருப்பு, காற்று, நீர், மண் ஆகிய நான்குமே மூலப்பொருள்கள் என்றும், அவற்றுள் காற்று வெப்பமும் ஈரமும் உடையது என்றும் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கூறினார். அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்தில் நடைபெற்ற மொழிபெயர்ப்புப் பணிகளால் இக்கருத்து முஸ்லிம் அறிஞர்களிடையே பரவிற்று. உலோகங்களிலுள்ள வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றின் சமநிலையை மாற்றினால் தாழ்ந்த உலோகம் தங்கமாகும் என ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்கள் உரைத்தன. இதுவே கீமியா என்னும் இரசவாதம்.

மருத்துவ மேதை ராஸீ (865–925), பாதரசம், கந்தகம், அரிதாரம், நவச்சாரம் ஆகிய நான்கையும் 'உயிர்கள்' என்றும், உலோகங்களை 'உடல்கள்' என்றும் வகைப்படுத்தினார். சூடேற்றினால் அந்நான்கும் ஆவியாகிக் காற்றில் பறந்து விடுவதே அப்பெயருக்குக் காரணம். உடலில் உயிர் கலப்பதைப் போல இவை உலோகத்தில் கலந்து அதை மாற்றும் என இரசவாதிகள் நம்பினர்.

இதனை இப்னு ஸீனா (980–1037) மறுத்தார். உலோகத்தின் நிறத்தை மாற்றலாமேயன்றி அதன் இனத்தை மாற்ற இயலாது என்றார். 1377-இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், கீமியாவின் பெயரால் மக்களை ஏமாற்றுவோரைக் கடுமையாகச் சாடினார். கீமியாவை மறுத்த இப்னு ஸீனா செல்வம் மிக்க அமைச்சராக இருந்தார், அதனை ஏற்ற ஃபாராபியோ வறுமையில் வாழ்ந்தார் என்றும் அவர் சுட்டிக் காட்டினார்! உழைத்துப் பொருளீட்ட இயலாதவரே தங்கக் கனவில் விழுகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை.

ஆயினும் அம்முயற்சி முற்றிலும் வீணன்று. வாலை வடித்தல் போன்ற செய்முறைகள் அதனால் வளர்ந்தன. காற்று தனி மூலமன்று, பல வாயுக்களின் கலவையே என்பது 18-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது.

இப்னு ஸீனாவுக்குப் பின் வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது பாரசீக நூலுக்கு 'கீமியாயே ஸஆதத்', அதாவது 'நற்பேற்றின் இரசவாதம்' எனப் பெயரிட்டார்கள். மாற்ற வேண்டியது ஈயத்தையன்று, தீய குணங்கள் படிந்த உள்ளத்தையே என்பது அவர்களின் போதனை.

ஜமாஅத்தார்களே! தங்கத்தைத் தேடியோர் உலைக்களத்தில் ஆயுளைக் கழித்தனர். அவர்கள் உள்ளிழுத்த ஒவ்வொரு மூச்சும் தங்கத்தினும் மேலானதாயிருந்தது. நம்மிடமும் அந்த அமானிதம் எண்ணப்பட்ட அளவிலேயே உள்ளது. அதனைத் திக்ரிலும் நற்செயலிலும் செலவிட வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.