படகேறிய மின்கம்பி

1886-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கான்ஷ்டாட் நகரத்தை ஒட்டி ஓடும் நெக்கார் நதியில், காட்லீப் டைம்லரும் அவருடைய சகாவான வில்ஹெல்ம் மைபாக்கும் நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு படகை, துடுப்பும் பாயும் நீராவியும் இல்லாமல், பெட்ரோல் யந்திரம் ஒன்றைக் கொண்டே ஓட்டிக் காட்டியபோது, பார்த்த ஜனங்களுக்கு வியப்பைக் காட்டிலும் பயமே மிகுந்திருந்தது. சட்டென்று தீப்பற்றும் திரவத்தைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரயாணம் செய்வதாவது! இந்த அச்சத்தைப் போக்க டைம்லர் ஓர் உபாயம் செய்தாரென்று சொல்வார்கள்: படகின் ஓரமாகக் கம்பிகளை ஓடவிட்டு, ஆங்காங்கே பீங்கான் குமிழ்களையும் பொருத்தி, அது மின்சாரத்தால் ஓடுவதென்று எல்லோரும் நினைக்கும்படி செய்துவிட்டாராம். மின்சாரப் படகு அப்போது கேள்விப்படாத பொருளன்று. 1838-லேயே யாக்கோபி என்பவர் ருஷ்யாவின் நேவா நதியிலும், 1881-ல் த்ரூவே என்பவர் பாரிஸின் சேன் நதியிலும் மின்கலங்களைக் கொண்டு படகு செலுத்தியிருந்தார்கள். டைம்லரின் யந்திரத்திலோ மின்சாரத்தின் சுவடே கிடையாது. பழுக்கக் காய்ச்சிய ஒரு சிறு குழாய்தான் எரிபொருளைப் பற்றவைத்தது. ஆக, மோட்டார் படகில் முதலில் ஏறிய கம்பி பொய் சொல்வதற்கென்றே ஏறியது. பின்னால் வந்த கம்பிகள் அந்தப் பூர்வ குணத்தை அடியோடு விட்டுவிட்டன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பொய்யின் காரணமான உப்புநீர் அரிப்பைத் தேடினால் கம்பிக்கும் முற்பட்ட காலத்துக்குப் போகவேண்டும். 1761-ல் ஆங்கிலக் கடற்படை, கப்பற்புழுவுக்குத் தடையாக, 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதற்கும் தாமிரத் தகடு வேய்ந்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிவைத்தது. கப்பல் திரும்பி வந்து சோதித்தபோது தகடு அநேகமாக நன்றாகவே இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள்தாம் அரித்துக் கூழாகியிருந்தன. அதிலும் ஒரு விசித்திரம்: தகட்டைச் சுற்றி வந்திருந்த பழுப்புக் காகிதம் எங்கெல்லாம் கிழிபடாமல் இடையில் தங்கிவிட்டதோ, அங்கெல்லாம் ஆணிகள் பழுதின்றி இருந்தன. இரண்டு லோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு மின்கலமே பிறந்துவிடுகிறது என்பதை அறிவதற்கு கால்வானியும் வோல்டாவும் இன்னும் வரவில்லை; ஆயினும், இரும்பும் தாமிரமும் கடலில் தீண்டலாகாது என்ற அனுபவ ஞானத்தை ஒரு துண்டுக் காகிதம் கற்பித்துவிட்டது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி இதே தத்துவத்தைத் திருப்பிப் பிடித்தார். தாமிரத்தோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிட்டால் அது தன்னை அழித்துக்கொண்டு தாமிரத்தைக் காக்கும் என்று 1824-ல் நிரூபித்தார். யுக்தி பலித்தது, அளவுக்கு மீறியே பலித்தது. கரையாத தாமிரத்தில் நஞ்சு ஊறவில்லை. நஞ்சில்லாத அடிப்பாகத்தில் பாசியும் கடற்சிப்பியும் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. சில ஆண்டுகளில் கடற்படை அதைக் கைவிட்டது. கைவிட்ட அந்த யுக்திதான் இன்று படகு யந்திரங்களின் அடியில் துத்தநாகக் கட்டியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொய் வெளிப்படும் இடமான, ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் வரிசையாகப் பதித்த மானி முகப்புகளுக்கு மூலபுருஷர் பாரிஸ் நகரத்து யூஜீன் பூர்தோன். அவர் 1849-ல் அமைத்த அழுத்தமானியில் தட்டையாக்கி வளைத்த ஒரு குழாய் உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிர முயலும், அந்த அசைவே முள்ளைத் திருப்பும். இதைத் தழுவிய பழைய மோட்டார் படகுகளில் யந்திரத்தின் எண்ணெயே மெல்லிய குழாய் வழியாகப் பலகைவரை வந்து தன் அழுத்தத்தைத் தானே தெரிவித்தது. குழாய் வெடித்தால் ஓட்டுநரின் மடியில் கொதிக்கும் எண்ணெய் கொட்டும் என்பது உண்மையே. ஆனாலும் அந்தச் சாட்சி நேரில் வந்த சாட்சி.

மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்தபின் இந்த நேர்மை போயிற்று. வண்டிக்கென்று செய்த மின்மானிகளைப் படகுக்காரர்கள் இரவல் வாங்கினார்கள். இப்போது முள்ளுக்குத் தெரிவது எண்ணெயுமன்று, பெட்ரோலுமன்று. தூரத்தில் உள்ள ஒரு மின்தடையின் அளவு மாத்திரமே. அமெரிக்க வழக்கப்படி பெட்ரோல் தொட்டி காலியானால் 240 ஓம், நிறைந்தால் ஏறக்குறைய 33 ஓம். ஐரோப்பிய வழக்கிலோ காலிக்குப் பத்து, நிறைவுக்கு 180. ஆகவே அமெரிக்க மானியில் கம்பி அறுந்தால் நிறைந்த தொட்டியும் காலி என்று தோன்றும். அதே கம்பி எங்காவது உரசி எர்த்தானால் வெறுந்தொட்டியும் நிறைகுடமாகிவிடும். ஐரோப்பிய மானி இவ்விரண்டையும் தலைகீழாகச் சொல்லும். தொட்டிக்குள் மின்தடையை மாற்றும் மிதவையை ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றின் மானியோடு சேர்த்துவிட்டவன் பாடு கேட்கவே வேண்டாம்.

கைதேர்ந்த மெக்கானிக் முள்ளைப் பார்த்தவுடன் யந்திரத்தைப் பிரிக்கமாட்டார். அமெரிக்க மானியானால், சாவியைத் திருப்பிவிட்டு, மிதவையிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி ஒரு கணம் எர்த்தில் தொடுவார். முள் மறுகோடிக்கு ஓடினால் மானியும் கம்பியும் நிரபராதிகள், குற்றவாளி தொட்டிக்குள் இருக்கிறான். முள் அசையாவிட்டால் தொட்டியை விட்டுவிட்டுப் பலகையின் பின்புறம் போவார். எல்லா முட்களும் ஒரே சமயத்தில் பிதற்றினாலோ, எந்த மானியையும் தொடாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் கம்பியைத்தான் முதலில் தேடுவார்.

படகுக்கும் வண்டிக்கும் உள்ள முக்கியமான பேதம் இந்த எர்த்தில்தான் இருக்கிறது. வண்டியில் போன மின்சாரம் திரும்பி வருவதற்கு இரும்புச் சட்டமே ராஜபாட்டையாக உதவுகிறது. மரமோ கண்ணாடியிழையோ ஆன படகில் அந்தப் பாட்டை இல்லாமையால், ஒவ்வொரு விளக்குக்கும் மானிக்கும் திரும்பிவரும் கம்பியொன்றைத் தனியே இழுக்கவேண்டியதாயிற்று. யாரும் கவனியாத அந்தக் கம்பியின் முனையில்தான் உப்புக்காற்று பச்சைக் களிம்பைப் பூசுகிறது. தாமிர இழை ஒவ்வொன்றுக்கும் வெள்ளீயம் பூசிய கம்பி வழக்கத்துக்கு வந்ததும் இதனால்தான்.

1954-ல் அமெரிக்காவில் தோன்றிய படகுக் கட்டுமானக் கழகம் இவற்றுக்கெல்லாம் விதிகள் வகுத்தது. அவற்றுள் ஒன்று நிறத்தைப் பற்றியது. பாட்டரியின் எர்த் கம்பி கறுப்பாக இருப்பது வழக்கம். அந்நாட்டு வீடுகளிலோ 120 வோல்ட் உயிர்க்கம்பியும் கறுப்பு. கரையிலிருந்து வீட்டு மின்சாரத்தைப் படகுக்குள் இழுக்கத் தொடங்கியபின் ஒரே மூலையில் இரண்டு கறுப்புக் கம்பிகள் சந்தித்தன. அதனால் பாட்டரியின் எர்த் கம்பிக்கு மஞ்சள் நிறத்தைச் சிபார்சு செய்தார்கள். பழைய கறுப்பையும் தள்ளிவிடவில்லை. ஆகையால் பழைய படகின் பலகைக்குப் பின்னால் தலையை நுழைக்கும் மெக்கானிக், கரைத்தொடர்பைக் கழற்றியாயிற்றா என்று மேலே நிற்பவரிடம் இரண்டு முறை கேட்டபிறகே கறுப்பில் கை வைக்கிறார்.