கந்தலும் கட்டடமும்

பழம்புடைவை தொட்டிலாவதும், தொட்டில் நைந்தபின் கரித்துணியாவதும் கீழப்பாவூர் இல்லங்களில் எவரும் கற்றுத்தராமலே நடந்துவரும் வழக்கம். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை நாம் அறிவோம். துணியை வீணாக்காத இப்பண்பைக் கட்டடங்களிலும் காட்டுகின்றோமா என்பதே நம் வினா.

இவ்விரண்டையும் ஒருசேரப் பேணிய நகரம் இத்தாலியில் உண்டு. புளோரன்சுக்கு அருகிலுள்ள பிராட்டோ, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே கந்தல் கம்பளியிலிருந்து புதுத்துணி நெய்தது. கந்தலை நிறவாரியாகப் பிரிப்பர். பொத்தானையும் உள்துணியையும் நீக்குவர். இழைகளாகப் பிய்த்து மீண்டும் நூற்பர். நிறம் பார்த்துப் பிரிப்பதால் மறுபடி சாயமிடும் தேவை குறைகிறது. நம் நாட்டில் ஹரியானாவின் பானிப்பட் நகரம் இம்முறையில் போர்வைகள் செய்துவருகிறது.

பிராட்டோவின் பழைய மதிலுக்குள் காம்போல்மி என்னும் 19ஆம் நூற்றாண்டுத் துணி ஆலை இருந்தது. அதன் இயந்திரங்கள் ஓய்ந்தபோது கட்டடம் இடிக்கப்படவில்லை. 1975இல் தோன்றிய துணி அருங்காட்சியகம் 2003இல் அங்குக் குடியேறியது. 2009இல் பொது நூலகமும் அவ்வளாகத்திலேயே திறக்கப்பட்டது. உழைப்பாளர் நின்ற கூடம் ஊராரின் வாசிப்பிடமாயிற்று.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. கைபரில் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பயனை அறம் செய்யுமாறு நபிகளார் (ஸல்) வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடித்தளம் இதுவே. பயனற்றுப்போன வக்ஃபை மாற்றிக்கொள்வது பற்றி ‘இஸ்திப்தால்’ என்னும் தலைப்பில் ஃபுகஹாக்கள் நுணுகி ஆராய்ந்ததும், மக்களுக்குச் சேரும் பயன் அறுந்துவிடலாகாது என்னும் கவலையினாலேயே.

கடையநல்லூர் முதலிய நம் பகுதி ஊர்களில் தறியால் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல. ஓய்ந்துபோன தறிக்கூடம் ஒன்றை இடித்துக் கடைகள் கட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது நாமும் முதலில் தலையசைத்தோம். பிறகு உள்ளே சென்று பார்த்தோம். சுவர்கள் உறுதியாக நின்றன. தறிக்குழிகள் கூடத் தூர்ந்துபோகவில்லை. வீடுகளில் சேரும் பழந்துணியைப் பிரித்து மெத்தை விரிப்பும் பையும் தைக்கக் கைம்பெண்களுக்கு அக்கூடம் போதும். மாலையில் பிள்ளைகள் அமர்ந்து படிக்கவும் இடமுண்டு. கடை வாடகையைவிட வருவாய் குறையலாம். எனினும் நெய்தவர் குடும்பத்துக்கே அதன் பயன் திரும்பிச் சேரும். இடிக்குமுன் ஊர்ப்பெரியவர்கள் ஒருமுறை அக்கூடத்தினுள் சென்று பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.