22 தண்டால் சவால்

22 தண்டால் சவால் என்பது, அமெரிக்காவில் படைப்பணி முடித்துத் திரும்பியோரிடையே நிகழும் தற்கொலைகளைப் பற்றிப் பொதுமக்களைப் பேசவைப்பதற்காக எழுந்த உடற்பயிற்சிவழிப் பரப்புரை. பங்கேற்பவர் நாளொன்றுக்கு 22 தண்டால் வீதம் 22 நாள்கள் எடுத்து, அதைக் காணொளியாகச் சமூக ஊடகத்தில் இட்டு, ஒவ்வொரு நாளும் தமக்குத் தெரிந்த ஒருவரையும் சவாலுக்கு அழைப்பார். டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரைச் சேர்ந்த ‘ஹானர் கரேஜ் கமிட்மென்ட்’ என்னும் தொண்டு நிறுவனம் 2013இல் தொடங்கிய ‘22கில்’ இயக்கத்திலிருந்து இது பிறந்தது. 2016ஆம் ஆண்டின் கோடையில் நாடுகள் கடந்து பரவியது. மனநல விழிப்புணர்வுக்காக மேற்கொள்ளப்படும் உடற்திறன் சவால்களில் பரவலாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

எண்ணின் வரலாறு

நாளொன்றுக்கு 22 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறக்கின்றனர் என்ற மதிப்பீடே சவாலின் பெயரிலுள்ள எண்ணுக்கு அடிப்படை. இந்த எண் உருவான கதை, சவாலைவிட நீண்டது.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஊர் திரும்பிய வீரர்களில் எத்தனை பேர் தற்கொலையால் இறந்தனர் என்பதை நாடு முழுமைக்கும் சேர்த்துச் சொல்லும் நம்பகமான கணக்கு பொதுமக்கள் கையில் இல்லை. 2007 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி, மாநில அரசுகளிடம் தனித்தனியே கேட்டுப் பெற்ற தரவுகளை வெளியிட்டது. 45 மாநிலங்களில் 2005ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 6,256 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்திருந்தனர். வாரத்துக்கு 120 பேர். 2007ஆம் ஆண்டிலேயே, ஈராக்கிலிருந்து திரும்பியபின் இறந்த ஜோஷுவா ஓம்விக் என்ற இளைஞரின் பெயரால் முன்னாள் படைவீரர் தற்கொலைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கென நெருக்கடிநேரத் தொலைபேசி உதவி தொடங்கியதும் 2007இல்தான்.

22 என்ற எண்ணை முன்னாள் படைவீரர் நலத்துறை 2013 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை தந்தது. ஜேனட் கெம்ப், ராபர்ட் பொசார்ட்டி இருவரும் தயாரித்த அந்த அறிக்கை 21 மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ்களை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க இறப்புச் சான்றிதழில், இறந்தவர் படையில் பணியாற்றியவரா என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. அதைப் பெரும்பாலும் நிரப்புபவர் இறுதிச்சடங்கு நிறுவனத்தார். அவருக்குத் தகவல் தருவது துயரத்தில் இருக்கும் குடும்பம். ஆராயப்பட்ட 1,47,763 தற்கொலை இறப்புகளில் 23 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் அந்தத் தகவலே இல்லை. தகவல் இருந்தவற்றைக் கொண்டு, தற்கொலையால் இறந்தோரில் ஏறத்தாழ 22.2 விழுக்காட்டினர் முன்னாள் படைவீரர்கள் என்று கணித்து, அந்த விகிதம் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் என வைத்துக்கொண்டால் 2010ஆம் ஆண்டில் நாளுக்கு 22 பேர் இறந்திருக்கக்கூடும் என்று அறிக்கை கூறியது. மக்கள்தொகையில் மிகப் பெரிய கலிபோர்னியாவும் டெக்சாஸும் அந்த 21 மாநிலங்களில் இல்லை.

அதே அறிக்கையில் இருந்த இன்னொரு செய்தி பரவலாகப் பேசப்படவில்லை. இறந்தவர்களில் 69 விழுக்காட்டுக்கும் மேலானோர் 50 வயதைக் கடந்தவர்கள். பரப்புரைக் காணொளிகள் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் இளம் வீரர்களையே நினைவூட்டின. ஆனால் அவர்களைவிட மூத்த தலைமுறையினரையே இந்தத் துயரம் அதிகம் தாக்கியிருந்தது.

2016 கோடையில் நலத்துறை புதிய ஆய்வொன்றை வெளியிட்டது. இம்முறை 1979 முதல் 2014 வரையிலான 5.5 கோடி ஆவணங்கள் எல்லா மாநிலங்களிலிருந்தும் திரட்டப்பட்டிருந்தன. அதன்படி 2014இல் நாளொன்றுக்கு இறந்தவர்கள் 20 பேர். வயதுவந்தோர் மக்கள்தொகையில் 8.5 விழுக்காடே இருந்த முன்னாள் படைவீரர்கள், வயதுவந்தோர் தற்கொலைகளில் 18 விழுக்காடாக இருந்தனர். இறந்த 20 பேரில் நலத்துறையின் மருத்துவச் சேவையை அண்மையில் பயன்படுத்தியவர்கள் 6 பேர் மட்டுமே. மற்ற 14 பேரும் அண்மைக்காலத்தில் அந்தக் கதவருகே வரவில்லை. 2018இல் நலத்துறை மேலும் ஒரு விளக்கம் தந்தது: நாளுக்கு 20 என்ற கணக்கில் பணியில் இருக்கும் வீரர்களும் தேசியக் காவற்படை, சேமப்படையினரும் சேர்ந்திருந்தனர், முன்னாள் படைவீரர்கள் மட்டும் என்றால் ஏறத்தாழ 17.

ஆகவே, உலகமே 22 என்று எண்ணிக்கொண்டு தரையில் குனிந்த அதே வாரங்களில் அரசு அந்த எண்ணைத் திருத்தியது. ஆயினும் சவால் 22ஐ விடவில்லை. அதற்குள் அது கணக்கு என்ற நிலையிலிருந்து அடையாளம் என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தது. 22கில் இயக்கத்தினர் சுட்டுவிரலில், அதாவது துப்பாக்கியின் விசையை அழுத்தும் விரலில், கறுப்பு மோதிரம் ஒன்றை அணிந்தார்கள். வாய்திறந்து எதுவும் சொல்லாமலேயே வீரர்களுக்குச் செலுத்தும் மரியாதையின் அடையாளம் அது. எண்ணும் அப்படித்தான் பயன்பட்டது. எண் பிழைபட்டதால் நோக்கம் பிழைபட்டுவிடவில்லை.

தண்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம்

தண்டாலுக்குக் கருவி வேண்டாம், மைதானம் வேண்டாம், காசும் வேண்டாம். ஆள் நீட்டிப் படுக்கும் அளவு தரை இருந்தால் போதும். அதைவிட முக்கியமான காரணம், படைவாழ்க்கையில் அதற்குள்ள இடம். அமெரிக்கத் தரைப்படையின் உடற்திறன் தேர்வில் 1980 முதல் பல பத்தாண்டுகள், இரண்டு நிமிடத்தில் எத்தனை தண்டால் எடுக்க முடியும் என்பது ஒரு பகுதியாக இருந்தது. பயிற்சிக் களத்தில் தவறு செய்பவருக்குக் கிடைக்கும் தண்டனையும் அதுவே. பெரும்பாலும் ஒருவர் தவறுக்கு அணியே சேர்ந்து எடுக்க நேரும். ஒருவர் சுமையை எல்லோரும் பகிர்வது படையினருக்குப் பழகிய ஒன்று என்பதால், இந்தச் சவாலின் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முறையான தண்டாலில் உள்ளங்கைகள் தோளுக்குச் சற்று வெளியே ஊன்றியிருக்கும். குதிகாலிலிருந்து தலைவரை உடல் ஒரே கோடாக இருக்கும். முழங்கை மடங்கி மார்பு தரையை நெருங்கிய பின் மீண்டும் எழ வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. பழக்கமில்லாதவருக்குப் பத்து, பன்னிரண்டு தாண்டும்போதே தோள்பட்டை நடுங்கும், இடுப்பு தொய்யும். 22 என்பது பயிற்சியுள்ளவருக்கு எளிது, பயிற்சியற்றவருக்கு உழைத்தால் எட்டக்கூடியது. முடியாதவர்கள் முழங்காலை ஊன்றியோ சுவரில் கைவைத்தோ செய்தார்கள்.

நடைமுறையும் பரவலும்

22கில் இயக்கம் 2.2 கோடி தண்டால்களை இலக்காக வைத்துக் காணொளிகளைத் திரட்டியது. 2016இல் பரவிய 22 நாள் வடிவத்தில், ஒருவர் மொத்தம் 484 தண்டால் எடுத்து 22 பேரை அழைப்பார். அழைக்கப்பட்ட ஒவ்வொருவரும் அவ்வாறே செய்தால் இரண்டாம் சுற்றில் 484 பேர், மூன்றாம் சுற்றில் 10,648 பேர் என்று கணக்கு பெருகும். இந்த அமைப்பை அது 2014ஆம் ஆண்டின் பனிக்கட்டி வாளிச் சவாலிடமிருந்து பெற்றது. தசைநரம்பு நோயான ஏஎல்எஸ் ஆய்வுக்காக நடந்த அந்தச் சவால், அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் ஈட்டித்தந்தது. தண்டால் சவாலோ பணத்தைப் பெரிதாகக் கேட்கவில்லை, கவனத்தைக் கேட்டது.

கிறிஸ் பிராட், கிறிஸ் எவன்ஸ், டுவைன் ஜான்சன் போன்ற ஹாலிவுட் நடிகர்கள் பங்கேற்றதும் காணொளிகள் பெருகின. காவலர்கள், தீயணைப்புப் படையினர், பள்ளி அணிகள், குடும்பங்கள் எனப் பலரும் சேர்ந்தனர். பலர் தண்டால் எடுக்குமுன் ஒரு பெயரைச் சொன்னார்கள்: உடன் பணியாற்றிய நண்பர், அண்ணன், தந்தை. வீட்டுக்குள்கூடத் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட இறப்புக்காரணம் அந்தச் சில நொடிகளில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. சவாலின் மதிப்பு முதன்மையாக இதில்தான் இருக்கிறது.

ஒத்த சவால்கள்

மனநலத்துக்கான உடற்திறன் சவால்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மாறாத எண்ணைச் சுற்றி அமைபவை. 22 தண்டால் சவால் இவ்வகை. ‘இர்ரெவரன்ட் வாரியர்ஸ்’ என்னும் அமெரிக்க முன்னாள் படைவீரர் அமைப்பு 2015இல் 22 கிலோ சுமையை முதுகில் ஏற்றி 22 கிலோமீட்டர் நடக்கும் நடைப்பயணத்தைத் தொடங்கியது. ஆண்களின் உடல்நலத்துக்கான ‘மோவெம்பர்’ இயக்கம், உலகில் ஒவ்வொரு மணி நேரத்திலும் தற்கொலையால் இறக்கும் 60 ஆண்களின் நினைவாக நவம்பரில் 60 கிலோமீட்டர் நடக்கவோ ஓடவோ அழைக்கிறது.

இரண்டாம் வகை, புதிய தரவுக்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்பவை. ஆஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய தண்டால் சவால் இதற்குச் சிறந்த சான்று. அந்நாட்டில் 2020இல் பதிவான தற்கொலைகள் 3,139. 2022ஆம் ஆண்டின் சவாலுக்கு அதுவே தண்டால் எண்ணிக்கை. 2024இல் எண்ணிக்கை 3,249 ஆயிற்று. அங்கே எண் ஒவ்வோர் ஆண்டும் உண்மையோடு ஒத்துப்போகிறது. இந்த வகையே மேலானது.

மூன்றாம் வகை, கூடிச் செய்யும் நடையும் ஓட்டமும். அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளை 2002இல் இரவு முழுவதும் நடக்கும் பயணத்தைத் தொடங்கியது. அயர்லாந்தில் பியெட்டா ஹவுஸ் அமைப்புக்காக 2009 முதல் மே மாதத்தில் விடியலுக்கு முன் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானின் முதன்மைத் தொண்டு இயக்கம், பிரிட்டிஷ் இளவரசர்கள் முன்னின்ற ‘ஹெட்ஸ் டுகெதர்’.

விமர்சனங்களும் வரம்புகளும்

காணொளி இடுவது விரல்நுனி ஆதரவு, அதனால் ஓர் உயிரும் பிழைக்காது என்பது முதல் விமர்சனம். தற்கொலையை ஓர் எண்ணாகத் திரும்பத் திரும்பச் சொல்வது, அதைத் தவிர்க்க முடியாத ஒன்றாகக் காட்டிவிடும் என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. தற்கொலைச் செய்திகள் பரபரப்பாக்கப்படும்போது தற்கொலைகள் கூடுவதைச் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ் 1974இல் காட்டினார். நெருக்கடியிலிருந்து மீண்டவர்களின் கதைகள் எதிர்விளைவைத் தரக்கூடும் என்பதை ஆஸ்திரிய ஆய்வாளர் தாமஸ் நீடர்க்ரோட்டென்தாலரும் குழுவினரும் 2010இல் வெளியிட்டனர். எனவே இறந்தவர் எண்ணிக்கையை மட்டும் சொல்லி முடியும் காணொளியைவிட, உதவி கேட்டு மீண்டவர் பேசும் காணொளி பயன் மிகுந்தது.

உடற்பயிற்சியும் சிகிச்சையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. மனச்சோர்வின் அறிகுறிகளை உடற்பயிற்சி ஓரளவு குறைக்கிறது என்று 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கண்டது. தரம் மிகுந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பலன் சிறுத்தது. கடற்படைத் தரைப்பிரிவைச் சேர்ந்த கிளே ஹன்ட், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர். திரும்பி வந்தபின் காயமுற்ற வீரர்களுக்கான மிதிவண்டிப் பயணங்களில் பங்கேற்றார். நிலநடுக்கம் தாக்கிய ஹைட்டியில் மீட்புப்பணி செய்தார். மனநல உதவி கேட்கத் தயங்க வேண்டாம் என்று வீரர்களுக்கான விளம்பரத்திலும் தோன்றினார். 2011 மார்ச்சில், 28 வயதில், தற்கொலையால் இறந்தார். அவர் பெயரால் அமைந்த தற்கொலைத் தடுப்புச் சட்டத்தில் அதிபர் ஒபாமா 2015 பிப்ரவரி 12 அன்று கையெழுத்திட்டார். உடல் உறுதியும் பொதுப்பணியும் இருந்தாலும், தொடர்ந்த மருத்துவமும் அருகில் நிற்கும் மனிதர்களும் தேவை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இன்றைய நிலை

சவாலின் அலை ஓய்ந்துவிட்டது, ஆங்காங்கே தொடர்கிறது. 2022இல் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தனர். நாளுக்குச் சராசரி 17.6. 2023 ஜனவரி முதல், தற்கொலை நெருக்கடியில் உள்ள முன்னாள் படைவீரர் எந்த மருத்துவமனையிலும் கட்டணமின்றி அவசரச் சிகிச்சை பெறலாம். அமெரிக்காவில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் அவர்களுக்கான உதவி கிடைக்கும்.

இந்தியாவில் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. தமக்கோ தமக்குத் தெரிந்தவருக்கோ தற்கொலை எண்ணம் இருந்தால் இவற்றை உடனே அழைக்கலாம்.