அமெரிக்க விடுதலையும் பிரெஞ்சு உதவியும்

பதின்மூன்று குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி 1776 சூலை 4-இல் ஆங்கில ஆட்சியினின்றும் தாம் விடுபட்டதாக அறிவித்த வரலாற்றை நாம் பள்ளி நூல்களில் படித்திருக்கிறோம். அவ்வறிவிப்பு நிலைபெற்றதில் பிரான்சுக்குப் பெரும்பங்கு உண்டு. தன் குடிமக்களுக்கே உரிமை வழங்காத ஒரு முடியரசு, மன்னனை எதிர்த்து எழுந்தவர்களுக்கு ஏன் கைகொடுத்தது? விடுதலையின்பால் கொண்ட பற்றினாலா? அன்று.

ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்சு, 1763-இல் கனடாவை ஆங்கிலேயரிடம் இழந்தது. அப்புண் ஆறவில்லை. பகைவனை மெலிவிக்க இதுவே தக்க தருணம் எனக் கருதினார் வெளியுறவு அமைச்சர் வெர்ஜென். மன்னர் பதினாறாம் லூயி 1776-இல் பத்து இலட்சம் இலிவர் பணத்தை மறைவாக ஒதுக்கினார். நாடக ஆசிரியர் பொமார்ஷே ஒரு வணிக நிறுவனத்தின் பெயரால் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் கப்பலேற்றினார். 1777 அக்டோபரில் சாரடோகாவில் ஆங்கிலப்படை ஒன்று சரணடைந்தது. அதன் பின்னரே, 1778 பிப்ரவரி 6-இல், பிரான்சு வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது. அப்போர் நம் கரையையும் தொட்டது. அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர்.

1780-இல் ரொஷாம்போ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் அமெரிக்காவில் கரையிறங்கினார். 1781 செப்டம்பரில் தெ கிராசின் கப்பற்படை செசபீக் விரிகுடாவின் வாயிலை அடைத்தது. கடல்வழி அடைபட்ட காரன்வாலிசு, அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் படையுடன் சரணடைந்தார். 1783-இல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை அமெரிக்க விடுதலையை உறுதிசெய்தது.

இவ்வெற்றியில் பெயர் மறைக்கப்பட்டோர் சிலரையும் நாம் நினைவுகூர்தல் வேண்டும். 1779-இல் சவானா நகரை மீட்க நடந்த போரில், பிரெஞ்சுப் படையுடன் சான்டொமிங்கு தீவிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் வந்து பங்குகொண்டனர். வர்ஜீனியாவில் ஜேம்சு என்னும் அடிமை, பிரெஞ்சுத் தளபதி லஃபாயத்துக்காக ஆங்கிலேயர் பாசறையில் ஒற்றராக உயிரைப் பணயம் வைத்து உழைத்தார். நாடு விடுதலை பெற்றது. அவரோ அடிமையாகவே இருந்தார். 1784-இல் லஃபாயத் தம் கைப்பட நற்சான்று எழுதிக் கொடுத்தார். 1787-இல்தான், உரிமையாளருக்கு இழப்பீடு வழங்கி, வர்ஜீனியச் சட்டமன்றம் அவரை விடுவித்தது. அமெரிக்கா முழுவதும் அடிமைமுறை ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உதவிய மன்னரின் கதை என்னாயிற்று? அப்போருக்குப் பிரான்சு செலவிட்டது 100 கோடி இலிவருக்கும் மேல் என்பர். அக்கடன் சுமை கருவூலத்தை வற்றச் செய்தது. வரி கேட்க மன்னர் கூட்டிய பேரவையிலிருந்தே 1789-இன் புரட்சி வெடித்தது. சான்டொமிங்கின் அடிமைகள் 1791-இல் பிரான்சை எதிர்த்தே கிளர்ந்தெழுந்து, 1804-இல் எயிட்டி என்னும் விடுதலை நாட்டை நிறுவினர்.

தன்னலத்தால் வந்த உதவியும் உதவியே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு நாடு விடுதலை பெற்றது என்று படிக்குந்தோறும், அந்நாட்டில் எவர் விடுதலை பெற்றனர், எவர் பெறவில்லை என்று வினவும் பழக்கம் நம் இளைஞர்க்கு வேண்டும். சான்டொமிங்கின் மக்கள் பிறர் தருவார் எனக் காத்திராது தம் விடுதலையைத் தாமே எடுத்துக்கொண்டனர். அவ்வரலாற்றையும் நாம் படிப்போம், பிறர்க்கும் எடுத்துரைப்போம்.