பாக் கடலில் ஒரு கோடு

1921ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், சென்னை மாகாணத்தின் பேராளர்களும் இலங்கை அரசின் பேராளர்களும் கொழும்பு மாநகரில் கூடினர். முன்னவருக்குக் காட்டன் என்பவரும், பின்னவருக்கு ஹார்ஸ்பர்க் என்பவரும் தலைமை தாங்கினர். இரு தரப்பினரும் ஒரே பேரரசின் அலுவலர்களே. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இரு கரையினரும் போட்டியிட்டு முத்தையும் சங்கையும் மீனையும் வாரிக் கடலை வறிதாக்கிவிடாதபடி, மீன்பிடிக்கென ஒரு கோடு வகுப்பதே அவர்கள் கருதியது. அரை நூற்றாண்டு கழிந்தபின், சற்று மாற்றம் பெற்ற வேறொரு கோடு 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் இரு நாடுகளின் எல்லையாயிற்று. வளத்தைக் காக்கும் எண்ணத்தோடு தொடங்கிய கோடு, இன்று அவ்வளத்தைச் சேர்ந்து காப்பதற்கே இடையூறாய் நிற்பதைக் காண்கிறோம்.

இக்கடல் எத்தகையது? பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. ஆதலின் கதிரொளி அடிமண்ணைத் தொடுகிறது. அங்கே கடற்புல் செழித்து வளர்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அப்புல்லிடையே வளர்கின்றன. நம் மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு அப்புல்லையே மேய்ந்து வாழ்கிறது. அது மீனன்று, நுரையீரலால் மூச்சுவிடுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி மடிகிறது. ஓராண்டுக்கும் மேலாகச் சூல் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு தாய் மடிந்தால் அவ்விழப்பு விரைவில் ஈடாவதில்லை. இராமநாதபுரக் கரையில் மேயும் ஆவுளியா மன்னார்க் கரைக்குப் போகக் கடவுச்சீட்டு கேட்பதில்லை. அது போய்வரும் அந்த நீர்வழியே இரு நாடுகளுக்கும் பொதுவான உயிர்வழி.

ஆனால் காப்புத் திட்டங்களோ கோட்டின் இருபுறமும் தனித்தனியே தீட்டப்பட்டன. இந்தியா 1986இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டி 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகம் அமைந்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. இலங்கையும் வாளாவிருக்கவில்லை. 2015இல் ஆதாம் பாலத்தைத் தேசியப் பூங்காவாக்கியது. மறு ஆண்டு விடத்தல்தீவு இயற்கைக் காப்பகமாயிற்று. வரைபடத்தில் இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே ஆடையை இரு தையற்காரர் ஒருவரையொருவர் கேளாமல் வெட்டியதுபோல் தோன்றுகிறது.

இங்கே நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1960களுக்குப்பின் ஏற்றுமதி இறாலுக்காக அரசின் ஊக்கத்துடன் இழுவைமடி விசைப்படகுகள் தமிழகக் கரையில் பெருகின. 1983ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி அவை கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலேயே தொழில் செய்ய வேண்டும். பாக் விரிகுடாவிலோ அந்த 3 மைலுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே எஞ்சும் நீர் மிகக் குறுகியது. படகுகளோ மிகப் பல. அதே 1983இல் தொடங்கிய போர் 2009 வரை இலங்கையின் வடபுல மீனவரைக் கரையிலேயே முடக்கியது. வெறுமையான அந்நீரில் நம்மவர் மடியிழுத்துப் பழகினர். போர் முடிந்து அவர்கள் மீண்டும் கடலுக்கு வந்தபோது, அவர்தம் வலைகள் நம் படகுகளால் அறுபட்டன. கடற்புல்லும் வேரோடு பெயர்ந்தது. சிறைப்பட்ட நம் மீனவர்க்காக நாம் மன்றாடுகிறோம். சுடப்பட்டு மாண்டவர்க்காகக் கண்ணீர் விடுகிறோம். இரண்டும் நம் கடமையே. ஆனால் அறுந்த வலையோடு கரைசேரும் யாழ்ப்பாணத்து மீனவனும் நம் மொழியினன். பலவேளை நம் திருப்பலியில் பங்குகொள்பவன். அவனுக்காக நம் பங்குகளில் எத்தனை மன்றாட்டு எழுந்திருக்கும்?

இரு கரை மக்களின் உறவு புதிதன்று. புனித சவேரியார் 1544இல் முத்துக்குளித்துறையிலிருந்து மன்னாருக்கு ஒரு குருவை அனுப்பினார். அங்கு திருமுழுக்குப் பெற்றோர் அவ்வாண்டிலேயே மறைசாட்சிகளாயினர். 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைப் பரதவரை அங்குக் குடியேற்ற முயன்றனர். முத்துப்பார்களின் வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் பார்களை முன்னதாகச் சோதித்து, சிப்பி முதிர்ந்த ஆண்டில் மட்டுமே குளிப்பு நடத்தினர். இடையில் பல ஆண்டுகள் கடல் ஓய்ந்திருந்தது. இலாபம் கருதிய ஏற்பாடுதான், ஐயமில்லை. ஆயினும் காத்திருக்கத் தெரிந்த தொழில் அது.

காத்திருக்கவும் பகிரவும் நம் மீனவர்க்குத் தெரியாமலில்லை. பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஒழுங்கை நெடுங்காலமாகக் கைக்கொண்டுள்ளனர். ஒரே கரையில் நாள்களைப் பகிர்ந்தவர்கள் இரு கரைக்கிடையே பகிர இயலாதோ? 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர்கள் தமிழகம் வந்து பேசியபோது, ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதென உடன்பாடாயிற்று. அது நிறைவேறவில்லை. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்தியா 2,000 படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றத் திட்டமிட்டது, மாறியவை சிலவே. கடனும் பழக்கமும் எளிதில் மாறுவன அல்ல. 2016இல் அமைந்த இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவின் பேச்சும் பெரும்பாலும் கைது, விடுதலை என்பவற்றோடு நின்றுவிடுகிறது. எங்கெங்கே புல் உள்ளது என்று இரு நாட்டு அறிஞரும் மீனவரும் சேர்ந்து ஒரே வரைபடம் தீட்டுதல், ஆண்டில் ஒரே காலத்தில் இரு கரையும் ஓய்தல், ஆவுளியாவுக்காக வலையை அறுத்த மீனவனுக்கு எந்தக் கரையினனாயினும் இழப்பீடு அளித்தல்: நம் பார்வையில் திட்டம் தொடங்க வேண்டிய இடம் இதுவே. அவ்வாறு விடுவித்தவரைத் தமிழக வனத்துறை பரிசளித்துப் பாராட்டியும் வருகிறது.

இதற்குக் கூடுமிடம் எது? 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவில், யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பிலுள்ள புனித அந்தோணியார் ஆலயத்தில், ஆண்டுதோறும் இரு கரை மக்களும் சேர்ந்து செபிக்கின்றனர். திருவிழா மாலையொன்றை இரு கரையின் படகுக்காரரும் அமர்ந்து பேசுவதற்கு ஒதுக்கினால் குறையொன்றுமில்லை என்பது நம் எண்ணம். 2024இல் படகோட்டிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து இராமேசுவர மீனவர் அவ்விழாவையே புறக்கணித்தனர். 2025 மார்ச்சில் மீண்டும் சென்றனர். அதே மாத இறுதியில் வவுனியாவில் இரு கரை மீனவர் பேச்சு நடந்தது. வடபுலத்தார் முன்வைத்தது பழைய கோரிக்கையே: முதலில் இழுவைமடி நிற்கட்டும்.