கல்லூரிக் கோபுரமும் மொட்டைக் கோபுரமும்

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் இரண்டு கோபுரங்கள் கண்ணில் படும். வடக்கே, காவிரிக்கு அப்பால், திருவரங்கத்து ராஜகோபுரம். அடிவாரத்தில், தெப்பக்குளத்தை அடுத்து, தூய வளனார் கல்லூரியை ஒட்டிய லூர்து அன்னை ஆலயக் கோபுரம். வெளியூர் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் இவ்விரண்டில் முதலில் நிறைவுற்றது எது என்று கேட்பேன். எல்லாக் கைகளும் வடக்கே நீளும். அது தவறான விடை.

இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. அதன் பின்னர் எழுந்ததே பிரான்சின் லூர்து பேராலயத்தைப் பின்பற்றிய கோதிக் பாணி ஆலயம். ஊசியாய் ஒடுங்கி மேலேறும் அதன் கோபுரம் சுமார் 200 அடி உயரம். அதில் வகுப்பறை ஏதும் இல்லை. ஆயினும் அக்கல்லூரியின் பெயரைச் சொன்னதும் ஊரார் மனத்தில் எழுவது அக்கோபுரந்தான்.

1950களின் தொடக்கத்தில் இராமேசுவரத்து அப்துல் கலாமும், பின்னாளில் சுஜாதா என்று நாம் அறிந்த திருவரங்கத்து ரங்கராஜனும் இங்கே இயற்பியல் பயின்றனர். அந்நாளில் திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் நின்றது முற்றுப்பெறாத ராயகோபுரம். விசயநகர அரசர் காலத்தில் தொடங்கிக் கல்லாலான அடிப்பகுதியோடு நின்றுபோன அதனை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் அரசுகள் மாறின, கோபுரம் வளரவில்லை. ஆற்றைக் கடந்து படிக்க வந்த அரங்கத்துப் பிள்ளைகள், தம் ஊரில் காணாத நிறைவுற்ற பேருயரத்தை இக்கரையில் கல்லூரி வாசலில் கண்டனர்.

1979இல் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் முதிய வயதில் அப்பணியைக் கையிலெடுத்தார். பலரது நன்கொடை சேர்ந்தது. ஒரு நிலைக்கான செலவை இளையராஜா ஏற்றார். 13 நிலைகள், 236 அடி. 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. ஆக, இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அவ்வுயரம் கல்லூரிக் கோபுரத்துக்கு இளையது.

பழம்பெருமையை அரசர்களின் கணக்கிலேயே எழுதிப் பழகிவிட்டோம். தொடங்கியவர் பெயர் பாடநூலில் இருக்கிறது. முடித்தவர் பெயர் என் வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. தேர்வுக்கு வராத பகுதியாயினும், ஆண்டுக்கொருமுறை அந்த மலைப்படிகளில் அவர்களோடு ஏறுவது இதற்காகத்தான்.